ஒப்புக்குச் சப்பாணியும் நீதியின் ஏணியும்

சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டைக்குச் செல்லும் மின்சார ரயில் ஆரம்பாக்கத்தைக் கடந்து ஆந்திர எல்லைக்குள் புகுந்ததும் நிற்கிற முதல் ஊர் தடா. கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் ஊரை ஒட்டிக் கல்கத்தா நெடுஞ்சாலையும் அமைந்திருக்க, 2022 வரையில் நெல்லூர் மாவட்டத்தோடும் அதன்பின் திருப்பதி மாவட்டத்தோடும் சேர்ந்துள்ள இவ்வூரில், சில வீடுகளில் தமிழும் சில வீடுகளில் தெலுங்கும் பல வீடுகளில் இரண்டுமே புழங்குவதால், தெருவில் விளையாடும் குழந்தைகள் இரு பாஷைகளிலும் சளைக்காமல் வழக்காடும் சாமர்த்தியம் பெற்றிருக்கிறார்கள். விளையாட்டில் ஏமாற்றுகிறவனை ஒருவன் ‘அழுகுணி’ என்பான். பக்கத்தில் நிற்பவன் அதையே ‘தொண்டி’ என்பான். குற்றம் ஒன்றே என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை.

ஒரு கோடை விடுமுறையில், அங்கே ஒரு வேப்பமரத்தடியில் எட்டு ஒன்பது பிள்ளைகள் கோலி ஆடிக்கொண்டிருந்ததைப் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். பெரியவனுக்குப் பன்னிரண்டு பிராயம் இருக்கலாம். எல்லோரிலும் சிறியவனுக்கு நான்குதான் இருக்கும். கோட்டிலிருந்து குழியை நோக்கி உருட்டுவது, கிட்ட விழுந்தவன் முதலில் அடிப்பது, தோற்றவன் முட்டியால் கோலியைத் தள்ளிக்கொண்டு வருவது என்று ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அந்த நான்கு வயதுப் பையன் மட்டும் கோட்டைத் தாண்டிக் குழிக்கு அருகே போய் நின்று உருட்டினான், தவறினால் மறுபடி எடுத்து உருட்டினான், ஒருவரும் தடுக்கவில்லை. அடுத்த தெருவிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பையன் இதைச் சகிக்காமல், “அவனுக்கு மட்டும் கிட்ட இருந்து அடிக்கக் குடுக்குறீங்க, அப்ப நானும் கிட்ட இருந்துதான் அடிப்பேன்” என்றான். பத்து வயதுப் பெண்ணொருத்தி சற்றும் யோசியாமல் சொன்னாள்: “அவன் ஒப்புக்குச் சப்பாணி. ஜெயிச்சாலும் அவனுக்குக் கோலி கிடையாது, தோத்தாலும் அவன் கோலி போவாது.” வந்தவனுக்கு இன்னும் விளங்கவில்லையோ என்று எண்ணிய இன்னொருவன், “வாடு ஆட்டலோ அரட்டிபண்டு” என்று தெலுங்கிலும் அறிவித்தான். விளையாட்டில் வாழைப்பழம் என்பது அதன் பதப்பொருள். தமிழில் நாம் சப்பாணி என்று சொல்லுமிடத்தில் தெலுங்கர் வழங்கும் மரபுத்தொடர் அது.

சப்பாணி என்ற சொல் கால் வழங்காதவரைக் குறிப்பதாகையால் அதில் ஒரு கடுமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்தப் பெண் சொன்ன வாக்கியத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். வெற்றியின் பலனும் இல்லை, தோல்வியின் நஷ்டமும் இல்லை, ஆனால் ஆட்டத்தில் இடமுண்டு என்று மூன்று அம்சங்களையும் ஒரே மூச்சில் வகுத்துவிட்டாள். சட்டம் படித்த ஒருவர் விதிவிலக்கு எழுதும்போது கவனிக்க வேண்டியவை இவைதாமே. குழந்தைகளின் தர்ம உணர்ச்சி எவ்வாறு முளைத்து வளர்கிறது என்று சென்ற நூறாண்டுகளில் மேனாட்டு மனோதத்துவ அறிஞர்கள் எழுப்பியிருக்கும் சித்தாந்தங்களைப் படிக்கும்போதெல்லாம், அந்த வாக்கியத்துக்கு அவற்றில் எங்கே இடம் என்று தேடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இத்துறையின் மூலநூலே கோலி விளையாட்டிலிருந்து பிறந்தது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ழான் பியாஜே, 1932-இல் வெளியிட்ட குழந்தையின் தர்மநிர்ணயம் பற்றிய தம் நூலை, ஜெனீவா, நூஷாத்தெல் நகரங்களின் சிறுவர்கள் தரையில் சதுரம் கீறி ஆடும் கோலியாட்டத்தின் விதிகளைக் கொண்டே தொடங்கினார். அவர் கையாண்ட முறை எளிமையானது. தாம் ஆட்டத்தை மறந்துவிட்டதாகச் சொல்லிக் கோலிகளைக் குழந்தையின் கையில் கொடுத்து, தமக்குக் கற்பிக்கும்படி கேட்பார். பிறகு, இந்த விதி எங்கிருந்து வந்தது, இதை மாற்றலாமா, எல்லோரும் ஒப்புக்கொண்டால் புது விதி நியாயமாகுமா என்று ஒவ்வொன்றாக வினவுவார். ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள், விதிகள் தகப்பனாரிடமிருந்தோ தெய்வத்திடமிருந்தோ வந்தவை, எல்லோரும் சம்மதித்தாலும் மாற்றக் கூடாதவை என்று உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் ஆடும்போது, ஆளுக்கொரு விதமாக ஆடி, எல்லோரும் ஒரே சமயத்தில் ஜெயித்ததாக மகிழ்ந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதானவர்களோ, விதி என்பது நாம் செய்துகொண்ட உடன்படிக்கை, சேர்ந்து மாற்றினால் மாறும் என்றார்கள். அவர்கள்தாம் விதியைச் சிறிதும் பிசகாமல் அனுஷ்டித்தவர்கள். மாற்ற முடியாதது என்று வணங்கப்படும் விதி மீறப்படுவதும், நாமே செய்தது என்று அறியப்படும் விதி காக்கப்படுவதுமாகிய இந்த விசித்திரத்தைப் பியாஜே கண்டு சொன்னதற்காகவே அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இதற்கு அவர் கூறிய காரணங்களுள் ஒன்று பலராலும் கவனிக்கப்படுவதில்லை. அவ்வூர்களில் பதின்பருவத்தின் முற்பாதியோடு கோலியாட்டம் நின்றுவிட்டது. ஆகவே பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு மேலே ஆட்டத்தில் மூத்தவர் யாருமில்லை. தனக்குமேல் அதிகாரம் இல்லாத இடத்தில்தான் அவன் விதியின் கர்த்தாவாகிறான். பெரியோரின் ஆக்ஞைக்கு அடங்கும் ஒருதலை மரியாதையிலிருந்து ஒரு தர்மமும், ஒத்தவரிடையே எழும் பரஸ்பர மரியாதையிலிருந்து வேறொரு தர்மமும் உண்டாகின்றன என்பது பியாஜேயின் துணிபு. அம்மா கூப்பிட்டதும் கதவைத் திறந்தவன், கதவுக்குப் பின்னாலிருந்த பதினைந்து கோப்பைகளை அறியாமல் உடைத்தான்; வேறொருவன் தின்பண்டம் திருடப்போய் ஒரே ஒரு கோப்பையை உடைத்தான்; யார் குற்றம் பெரிது? இளங்குழந்தைகளிற் பலர் பதினைந்து என்ற எண்ணிக்கையைப் பார்த்தார்கள், வளர்ந்தவர்கள் எண்ணத்தைப் பார்த்தார்கள் என்பதை அவர் இதற்குச் சான்றாகக் காட்டினார். வீட்டில் கை தவறிப் பால் செம்பைக் கவிழ்த்த குழந்தையை, கொட்டிய பாலின் அளவுக்கேற்பக் கோபிக்கிற நம் வழக்கத்தை நினைத்தால், எண்ணிக்கையைப் பார்க்கக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பது விளங்கும்.

ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் மனனம் செய்வித்த நம் திண்ணைப் பள்ளிகளும், சுமதி சதகத்தையும் வேமனர் பாடல்களையும் ஓதுவித்த தெலுங்குப் பள்ளிகளும் ஆக்ஞையின் வழியையே நம்பின என்று இதைக் கொண்டு சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. ஐந்து வயதில் நெட்டுருச் செய்த ஒரு சிறு வாக்கியம் நாற்பது வயதில் தக்க சமயத்தில் நாவில் வந்து நிற்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஆனால் நாவில் நிற்பது வேறு, இருவர் வழக்கைத் தீர்க்கும் திறன் வேறு. இரண்டாவதை மனனம் தரமாட்டாது.

பியாஜேக்குப் பின், அமெரிக்கரான லாரன்ஸ் கோல்பர்க், 1958-இல் சிகாகோ சர்வகலாசாலையில் சமர்ப்பித்த ஆராய்ச்சியில் தொடங்கி, நீதியுணர்வை ஆறு படிகள் கொண்ட ஓர் ஏணியாக வகுத்தார். சாகக் கிடக்கும் மனைவிக்கு வேண்டிய மருந்தை, அடக்க விலைக்குப் பத்து மடங்கு கேட்கும் மருந்துக்காரனிடமிருந்து, பணம் திரட்ட முடியாத ஹைன்ஸ் என்ற கணவன் திருடலாமா என்ற பிரசித்தமான தர்மசங்கடத்தை முன்வைத்து, பதிலை விடப் பதிலுக்குச் சொல்லும் காரணத்தையே அவர் எடைபோட்டார். தண்டனைக்கு அஞ்சுவது முதற்படி. கைம்மாறு கருதுவது இரண்டாவது. நல்லவன் என்று பெயரெடுப்பது மூன்றாவது. சட்டத்தையும் ஒழுங்கையும் காப்பது நான்காவது. சமூக உடன்படிக்கையையும் உரிமையையும் கருதுவது ஐந்தாவது. சர்வ ஜனங்களுக்கும் பொதுவான நியாயத்தை மனச்சாட்சியாற் பற்றுவது ஆறாவது. எந்தத் தேசத்தாரும் இதே வரிசையில்தான் ஏறுவர் என்பது அவர் நம்பிக்கை.

1985-இல் ஜான் ஸ்னாரி என்பவர், 27 தேசங்களில் நடந்த 45 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கீழ்ப்படிகளின் வரிசை பெரும்பாலும் எங்கும் பொருந்தியது. ஆனால் மேற்படிகளுக்குரிய நியாயங்கள் நகரத்து மத்தியதர வகுப்பாரிடமன்றி, கிராம சமூகங்களிலும் பழங்குடி சமூகங்களிலும் அநேகமாகத் தென்படவே இல்லை. அப்படியானால் உலகத்தின் கிராமவாசிகளெல்லாம் நீதியில் பாதி வழி வந்தவர்களா? அல்லது அளவுகோல்தான் குட்டையா? ஜோத்ஸ்னா வாசுதேவும் ஹம்மலும் இந்தியரிடையே நடத்தி 1987-இல் வெளியிட்ட ஆய்வு, உயர்படி நியாயங்கள் இங்கும் உண்டு என்பதைக் காட்டியதோடு, அஹிம்ஸை, சகல ஜீவராசிகளின் ஒருமை முதலிய இந்நாட்டுக் கருத்துக்களைக் கொண்டு பேசியவர்களின் நியாயங்கள் கோல்பர்க்கின் அளவுமுறைக்குள் சரியாக அடங்கவில்லை என்பதையும் எடுத்துரைத்தது.

ஜோன் மில்லர் என்ற அம்மையார் மைசூரிலும் அமெரிக்காவின் நியூ ஹேவனிலும் குழந்தைகளையும் பெரியவர்களையும் கேட்டு எழுதியவை இன்னும் ஆழமானவை. ஒருவருக்குச் சிறு உதவி தேவைப்படும்போது செய்யாமல் விடுவது குற்றமா, அல்லது அவரவர் இஷ்டமா? உயிராபத்து போன்ற பெரிய தேவையில் இரு நாட்டாரும் குற்றமென்றே சொன்னார்கள். தேவை சிறியதாகவும் உறவு தூரமானதாகவும் ஆக ஆக, அமெரிக்கரிற் பலர் அதை இஷ்டத்தின் பாற்படுத்தினார்கள். மைசூர்க்காரர்களோ சிறு தேவையிலும் அது கடமையே என்றார்கள். நீதிக்கும் உறவின் கடமைக்கும் முரண் நேர்ந்தால் எதைக் காப்பது என்று 1992-இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இந்தியர்கள் கடமையின் பக்கமே அதிகம் சாய்ந்தார்கள். கோல்பர்க்கின் ஏணியில் உறவைக் கருதிப் பேசுகிறவன் மூன்றாம் படியில் நிறுத்தப்படுவான். மைசூர்க் குழந்தையோ உறவைச் சலுகை என்று கருதாமல் தர்மம் என்றே கருதுகிறது.

ஆனால் தேசாபிமானத்தால் இங்கே நாம் அவசரப்பட்டு மகிழக் கூடாது. ரிச்சர்ட் ஷ்வெடர், மனமோகன் மகாபாத்ரா, மில்லர் மூவரும் புவனேசுவரத்தின் பழைய கோயில் நகரத்துக் குடும்பங்களிடமும் சிகாகோவினரிடமும் 39 நடத்தைகளைச் சொல்லித் தீர்ப்புக் கேட்டு 1987-இல் வெளியிட்டபோது, தகப்பன் இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி தின்பது புவனேசுவரத்தில் மகா பாதகங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டதும், சிகாகோவில் அது ஒரு விஷயமாகவே கருதப்படாததும் தெரியவந்தன. ஆகையால் தர்மம் என்பது தேசாசாரமே என்று ஷ்வெடர் வாதிக்க முற்பட்டார். எலியட் டூரியல் இதை மறுத்து, தகப்பனின் ஆத்மா துன்புறும் என்று நம்புகிறவன் அச்செயலைத் துன்பம் விளைவிப்பதாகவே காண்கிறான், பிறர்க்குத் தீங்கு கூடாது என்ற விதி இரண்டு ஊரிலும் ஒன்றே, நம்பிக்கைதான் வேறு என்றார். டூரியலின் பக்கம் எனக்குச் சாய்வு அதிகம். ஏனெனில், தர்மம் முழுவதும் தேசாசாரமே என்று கொண்டால், தீண்டாமையை ஆசாரமென்று கற்ற குழந்தையிடம், அது பிழை என்று சொல்ல நமக்கு வாய் இராது.

கோல்பர்க் முதலில் ஆராய்ந்தவர்கள் அனைவரும் ஆண் பிள்ளைகள். பெண்களின் குரல் அதில் கேட்கவில்லை என்று காரல் கில்லிகன் 1982-இல் எழுதிய நூல், நீதியின் மொழியோடு பரிவின் மொழியும் உண்டு, அது தாழ்ந்த படியன்று என்று நிலைநாட்ட முயன்றது. பெண்பாலுக்கு ஒரு மொழி, ஆண்பாலுக்கு ஒரு மொழி என்ற பாகுபாடு பிற்கால ஆய்வுகளில் அவ்வளவாகத் தேறவில்லை என்றாலும், அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது.

தடாவின் வேப்பமரத்தடிக்கு இப்போது திரும்புகிறேன். பியாஜே நீதியுணர்வின் வளர்ச்சியில் மூன்று பருவங்களைக் கூறினார்: பெரியவர் சொன்னதே நீதி என்பது முதலாவது, எல்லோருக்கும் இம்மி பிசகாமல் ஒரே அளவு என்பது எட்டு வயதை ஒட்டி வரும் இரண்டாவது, அவரவர் நிலைமையை உத்தேசித்து அளவை மாற்றும் நடுநிலை பதினோரு வயதுக்குமேல் வரும் மூன்றாவது. சப்பாணிக்குச் சலுகை தருவது ஐயமின்றி மூன்றாம் பருவத்துக்குரிய நியாயம். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஏழு வயதுப் பிள்ளையும் அதை நிறைவேற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, எல்லோருக்கும் ஒரே விதிதானே நியாயம் என்று கேட்டிருந்தால், ஆமாம் என்று அது சொல்லியிருக்கவும் கூடும். வாயாற் சொல்லத் தெரியாத நியாயத்தைக் கை செய்துகொண்டிருக்கிறது. மூத்தவர்கள் கட்டிவைத்த ஒரு நல்ல வழக்கத்துக்குள் நின்று செய்வதால் அது செய்யக் கூடுகிறது. ருஷ்யரான வைகோட்ஸ்கி, குழந்தை தனியாகச் செய்யக் கூடியதற்கும் தன்னிலும் தேர்ந்தவரின் துணையோடு செய்யக் கூடியதற்கும் இடையே உள்ள வெளியில்தான் கல்வி நிகழ்கிறது என்று சொன்னது, கணக்குக்கும் எழுத்துக்கும் எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு தர்மத்துக்கும் பொருந்தும் என்பதே நான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புவது. ஒரே வயதுப் பிள்ளைகளின் கூட்டத்தில் சமத்துவத்தைக் கற்கலாம். சப்பாணி இருக்கிற கூட்டத்தில்தான் நடுநிலையைக் கற்க முடியும்.

இதற்கு எதிராக நிற்கும் ஒரு சான்றையும் நான் மறைக்கக் கூடாது. பீட்டர் பிளேக் முதலியோர் 2015-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்ட ஆய்வில், இந்தியா உள்ளிட்ட ஏழு தேசங்களில் 866 ஜோடிக் குழந்தைகளுக்கு மிட்டாய்ப் பங்கீடு ஒன்று வைக்கப்பட்டது; பங்கீட்டை ஒரு குழந்தை ஏற்கலாம், மறுக்கலாம்; மறுத்தால் இருவருக்கும் இல்லை. தனக்குக் குறைவாக வந்தபோது மறுப்பது ஏழு தேசத்திலும் காணப்பட்டது. தனக்கு அதிகமாக வந்தபோதும் மறுப்பது அமெரிக்கா, கனடா, உகாண்டா ஆகிய மூன்றில் மட்டுமே, அதுவும் வளர்ந்த பிள்ளைகளிடம் காணப்பட்டது. இந்தியக் குழந்தைகளிடம் அது வெளிப்படவில்லை. நம் குழந்தைகள் பிறர் குறையைக் கருதாதவர்கள் என்று இதற்கு அர்த்தமா? இரண்டு வித்தியாசங்களை நான் காண்கிறேன். அந்தப் பங்கீட்டைச் செய்தது குழந்தைகளல்ல, பெரியவர் ஒருவர். குழந்தைக்கு இருந்த ஸ்வதந்திரமெல்லாம் கொடுத்ததை ஏற்பது அல்லது வீணாக்குவது என்பதுதான். தின்பண்டத்தை யாருக்குமில்லாமல் போக்குவது நீதி என்று எண்ண நம் வீடுகள் பழக்குவதில்லை. அதிகம் பெற்றவன் பின்னால் பகிர்ந்து தின்ன வேண்டுமென்றே பழக்குகின்றன. இது என் ஊகமே. ஆயினும் பெரியவர் வகுத்த பங்கீட்டை எதிர்க்க நம் குழந்தைகள் தயங்கியிருக்கக்கூடும் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு, அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

பல வயதுப் பிள்ளைகள் கூடியிருந்து கற்பது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவருக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததைக் கண்டே, சென்னை எழும்பூரில் ஆண் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார் அதைத் தம் முறையாக்கி, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது மேனாடுகளிற் பரவியது. எனினும் சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பு இருந்தது. ஆசிரியரின் ஆக்ஞைக்கு அவன் ஒரு சிறு பிரதிநிதி. வேப்பமரத்தடிப் பெண்ணுக்குப் பிரம்பு தேவைப்படவில்லை.

பிரம்பில்லாத வழி, பழைய சித்தூர் மாவட்டத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 1895-இல் மதனப்பள்ளியிற் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, பரிசும் தண்டனையும், ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையோடு ஒப்பிடுவதும் அறிவைக் கெடுக்கும் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அவர் பிறந்த ஊருக்கு அருகில் 1926-இல் தோன்றிய ரிஷிவேலிப் பள்ளியைச் சுற்றியுள்ள குக்கிராமங்களில், 1980-களின் பிற்பகுதியிலிருந்து பத்மநாப ராவும் ராமாவும் ஓராசிரியர் பள்ளிகளை அமைத்தார்கள். ஒரே அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள் என்ற நிலைமையைக் குறையென்று கருதாமல் அதையே அடிப்படையாகக் கொண்டு, பாடங்களைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு படமுத்திரை இட்டு, சுவரில் ஓர் ஏணியை வரைந்து மாட்டினார்கள். குழந்தை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்து, அம்முத்திரைக்குரிய வட்டத்தில் போய் உட்காரும். ஒரு வட்டத்தில் ஆசிரியர் உடனிருப்பார், இன்னொன்றில் முன்னே போன பிள்ளை பின்னே வருகிற பிள்ளைக்குச் சொல்லித்தரும், மற்றொன்றில் தனியே செய்யும். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் தம் ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பிப் பயிற்றுவித்து, முதலில் 13 பள்ளிகளில் தொடங்கிய அம்முறையே, 2007-08-இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் பரவியது.

கோல்பர்க்கின் ஏணியும் இதுவும் பெயரால் ஒன்றே ஆயினும், அதில் ஏறுகிறவன் கீழே நிற்பவனிடம் செய்ய வேண்டிய காரியம் எதுவுமில்லை. இதில் ஏறியவன் இறங்கி வந்து வட்டத்தில் உட்காருகிறான். அரசாங்கம் பெரிதாகப் பரப்பியபோது பல பள்ளிகளில் அட்டையை எடுப்பதும் வைப்பதுமே பாடமாகிவிட்டதென்று ஆசிரியர்கள் குறைபட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ஐந்து வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாயில் உட்கார்ந்தால் கல்வி தாழும் என்று பெற்றோர் அஞ்சி, வயதுவாரியாகப் பிரித்து வரிசையில் உட்கார்த்தும் பள்ளிகளைத் தேடி ஓடியபோது, குழந்தைகள் எதை இழந்தார்கள் என்பதை யாரும் கணக்கிடவில்லை. இன்னொன்றும் உண்டு. தெருவின் வட்டத்துக்குள் எந்தத் தெருப் பிள்ளை வரலாம் என்பதைப் பெரியவர்களின் ஜாதியும் சுவரும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. அந்த வட்டத்தின் நீதி எவ்வளவு நேர்த்தியானதாயினும் அதன் விளிம்பு நாம் போட்டது. எல்லாத் தெருவும் வந்து ஒரே பாயில் உட்காரும் இடம் பொதுப்பள்ளி ஒன்றுதான்.

அடுத்த கோடையில் மறுபடி தடாவுக்குப் போனபோது அதே மரத்தடியில் அதே கூட்டத்திற் பலர் இருந்தார்கள். சப்பாணியாக இருந்தவன் இப்போது எல்லோரோடும் கோட்டில் நின்று உருட்டினான். எப்போதிலிருந்து என்று கேட்டேன். தீபாவளியிலிருந்து என்று ஒருவனும், இல்லை, பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து என்று ஒருத்தியும் சொல்ல, அதைப் பற்றியே ஒரு தர்க்கம் மூண்டது. ஆட்டம் முடிந்ததும், தான் கடைசியாக அடித்தது பட்டுவிட்டதென்று அவன் சாதித்தான். படவில்லை என்றார்கள் மற்றவர்கள். பழைய சலுகையை யாரும் நினைவூட்டவில்லை, அவனும் கேட்கவில்லை. சற்று நேரம் குழியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கால்சட்டைப் பையில் கைவிட்டு இரண்டு கோலிகளை எடுத்து மண்ணில் வைத்தான்.